ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்

தஞ்சைத் தரணியில் நெல் விளைவிப்பார் ஒருவர். அதற்கு விலை கூறுவார் பெரும்பாலும் வேறொருவர். அத்தகைய நாட்டில், தம் சரக்கைத் தாமே விளைத்து, தாமே ஆக்கி, தாமே விற்று உயர்ந்த பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சைப் பெண்பாடசாலையொன்றில் ஆசிரியராக அமர்ந்தார். சுருளிமலைக் கருணானந்த முனிவரிடம் பெற்ற மருத்துவ அறிவு அவர் உள்ளத்தை ஈர்த்தது. 1890-ஐ ஒட்டி மாதச் சம்பளத்தை விடுத்துச் சித்த வைத்தியத்தையே தொழிலாகக் கொண்டார். குடும்பமுடையார்க்கு இஃது எளிய துணிவன்று.

மூலிகைக்குக் கடைச்சரக்கையே நம்பும் வைத்தியர், அது பழையதாயினும் கலப்புடையதாயினும் பழியைத் தாமே சுமக்க நேரும். பண்டிதரோ நகர்ப்புறத்தே நிலம் வாங்கி மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். அவ்விடத்தைப் பண்டிதர் தோட்டம் என மக்கள் அழைத்தனர். மருந்துகளுக்குத் தம் குருவின் பெயரையிட்டுக் கருணாநிதி வைத்தியசாலையின் வாயிலாக விற்றார். அச்சஞ்சீவி மருந்துகள் இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் பெயர்பெற்றன.

ஈட்டிய பொருளை அவர் யாது செய்தார்? 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவிலேயே மகாநாடுகள் கூட்டினார். கருணாமிர்த சாகரம் என்னும் பேரிசை நூலைத் தம் அச்சுக்கூடத்திலேயே 1917-இல் பதிப்பித்தார். 1919-இல் காலமானார்.

இடைநிற்போர் நீங்கின், இலாபம் முழுதும் நமக்கே. பழியும் முழுதும் நமக்கே. இவ்விரண்டாவதை அஞ்சாது ஏற்றமையே பண்டிதரின் பெருமை என்பது எம் துணிபு. தொழில் தொடங்கும் நம் இளைஞர் இதனை உளங்கொள்வாராக.