அடிமையாக வந்த மகாராணி

வட சீனத்தை அன்று ஆண்டவர்கள் சியான்பெய் இனக் குதிரை வீரர்கள். அவர்களுடைய வடக்கு வெய் அரண்மனைக்கு, அப்பா கொல்லப்பட்டதால் அடிமையாக வந்த சீனச் சிறுமிதான் ஃபெங். 456-ல் பட்டத்தரசியானார். மகன் இளவரசுப் பட்டம் பெற்றால் தாயைக் கொன்றுவிடும் கொடிய வழக்கம் அங்கே! பிள்ளை இல்லாத ஃபெங் பிழைத்தார். அப்படித் தாயை இழந்த, கணவரின் பேரன் ஷியாவென்னை வளர்த்தார், நாட்டையும் நடத்தினார். 485-ல் வந்த நிலப் பங்கீட்டில் ஆணுக்கு 40 மூ என்றால், பெண்ணுக்கும் 20 மூ கிடைத்தது.

ஆனால், பேரன் தடுக்க நினைத்தும் அந்தக் கொலை வழக்கத்தை மட்டும் விடவில்லை. 483-ல் பேரனின் மனைவியும் பலியானாள். அதுதாங்க என் மனசை உறுத்துது. வழக்கம்னு சொல்லி வீட்டுக்கு வந்த பெண்ணை வதைக்கிறதை, அதிகாரம் கையில் இருக்கும்போதே மூத்தவங்க நாம நிறுத்திடணும், தோழியரே!