ஆட்டிசத்துக்கு அம்மாதான் காரணமா? அமெரிக்காவையே நம்ப வைத்த புரூனோ பெட்டல்ஹெய்ம்

1960-களின் அமெரிக்கா. பேச வேண்டிய வயதில் குழந்தை பேசவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று டாக்டரிடம் ஓடிய தாய்மார்கள் பலருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: தப்பு உங்கள் மேல்தான். பிள்ளையிடம் பாசம் காட்டாத இவர்களுக்குப் பட்டப்பெயர் வேறு இருந்தது, ஃப்ரிட்ஜ் அம்மாக்கள். இந்தக் கருத்தைச் சாதாரண மக்கள் வரை கொண்டுபோனதில் பெரிய பங்கு புரூனோ பெட்டல்ஹெய்முக்கு உண்டு. இத்தனைக்கும் அதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் அவரிடம் இல்லை.

யார் இந்த பெட்டல்ஹெய்ம்?

1903-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், மரவியாபாரம் செய்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் தொழிலைப் பார்த்துக்கொண்டார். பிறகு மீண்டும் படித்து 1938-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அது மருத்துவத்திலோ உளவியலிலோ அல்ல. தத்துவத்தில், அதுவும் அழகியல் பற்றிய ஆய்வுக்காக.

அதே ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. பெட்டல்ஹெய்ம் கைது செய்யப்பட்டு, டாஹாவ், பூகன்வால்ட் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டார். 1939 ஏப்ரலில் விடுதலையாகி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். முகாம் வாழ்க்கை மனித மனதை என்ன செய்கிறது என்று 1943-ல் அவர் எழுதிய கட்டுரை பெரும் கவனம் பெற்றது. அடுத்த ஆண்டே, மனநலப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்காக சிகாகோ பல்கலைக்கழகம் நடத்திய ஆர்த்தோஜெனிக் பள்ளியின் தலைவரானார். 1973 வரை அவர் ராஜ்ஜியம்தான்.

அவர் சொன்னது என்ன?

ஆட்டிசத்தைத் தனி நிலையாக முதலில் விவரித்தவர்களில் ஒருவர் மருத்துவர் லியோ கேன்னர். 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இது பிறவியிலேயே வருவது என்று அதில் சொன்ன அவரே, பெற்றோர் பலர் பாசத்தை வெளிக்காட்டாதவர்களாக இருப்பதையும் குறிப்பிட்டார். பெட்டல்ஹெய்ம் அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டார்.

முகாமில் நம்பிக்கை இழந்த கைதிகள் தங்களுக்குள்ளேயே ஒடுங்கிப்போனதை அவர் நேரில் பார்த்தவர். ஆட்டிசம் உள்ள குழந்தையும் அப்படித்தான் ஒடுங்குகிறது, தான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று பெற்றோர் உள்ளுக்குள் நினைப்பதைக் குழந்தை உணர்ந்துவிடுகிறது என்றார். அப்படின்னா சிகிச்சை? பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளியிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது. பெற்றோர் வந்து பார்ப்பதற்கும் கடும் கட்டுப்பாடு.

கணக்குப் போட்டது யார்?

இந்த வேலைக்கு ஃபோர்டு அறக்கட்டளை 1956-ல் 3 லட்சம் டாலருக்கு மேல் நிதி கொடுத்தது. அதன் பலனாக 1967-ல் ‘தி எம்ப்டி ஃபோர்ட்ரெஸ்’ என்ற புத்தகம் வந்தது. 40 குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் நன்றாகவோ ஓரளவோ தேறியதாக அதில் கணக்குக் காட்டினார்.

கேட்க அருமையான எண். ஆனால், தேறினார்களா என்று முடிவு செய்தது சிகிச்சை கொடுத்த தரப்பேதான். அந்தச் சிகிச்சை பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வெளியாள் யாரும் சரிபார்க்கவும் இல்லை. சேர்ந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே ஆட்டிசம் இருந்தது என்பதே பின்னாளில் கேள்விக்குள்ளானது.

ஊடகங்கள் ஏன் மயங்கின?

பெட்டல்ஹெய்ம் நல்ல கதைசொல்லி. தன்னை ஒரு இயந்திரமாக நினைத்துக்கொண்ட சிறுவனைப் பற்றி 1959-ல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார், படித்தவர்கள் உருகிப்போனார்கள். பெண்கள் பத்திரிகையில் பத்தி எழுதினார், டிவியில் தோன்றினார். 1974-ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி அவர் பள்ளியைப் பற்றி ஆவணப்படமே ஒளிபரப்பியது. 1983-ல் வுடி ஆலனின் ‘ஸெலிக்’ படத்தில் பெட்டல்ஹெய்மாகவே வந்துபோனார்.

வதைமுகாமிலிருந்து மீண்டவர், குழந்தைகளை மீட்கிறார். எந்தப் பத்திரிகைக்கும் இதைவிடச் சிறந்த தலைப்பு கிடைக்காது. அந்தக் கதையில் அம்மாக்களுக்குப் பேச இடமில்லை.

கேள்வி கேட்ட அப்பா

அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. அம்மா மேல் பழி என்ற பேச்சை அவரால் ஏற்க முடியவில்லை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, இது மூளை, உடல் சார்ந்தது என்று வாதிடும் புத்தகத்தை 1964-ல் வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் கேன்னரேதான். ஆய்வுக்கு உதவி கேட்டு ரிம்லாண்ட் எழுதியபோது பெட்டல்ஹெய்ம் மறுத்துவிட்டார்.

1969-ல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கேன்னர், அவர்கள் மேல் குற்றமில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். 1977-ல் பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4-ல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகையிலும் பிள்ளைகள் வளர்ந்தது ஒரே வீட்டில், ஒரே அம்மாவிடம். வித்தியாசம் மரபணுவில் இருந்தது.

அதே 1977-ல், தேவதைக் கதைகள் பற்றிய நூலுக்காக பெட்டல்ஹெய்முக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. புகழுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இறந்த பிறகு வந்த குரல்கள்

1990 மார்ச் 13 அன்று, 86 வயதில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அஞ்சலிகள் குவிந்தன. சில வாரங்களிலேயே பழைய மாணவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்: அவர் எங்களை அடித்தார், அவமானப்படுத்தினார் என்று. அவரால்தான் வாழ்க்கை மாறியது என்று நன்றியோடு சொன்ன மாணவர்களும் இருந்தார்கள். பத்திரிகையாளர் ரிச்சர்டு பொல்லாக்கின் தம்பி அந்தப் பள்ளியில் இருந்தவர். பொல்லாக் 1997-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு, பெட்டல்ஹெய்ம் தன் படிப்பையும் சாதனையையும் எவ்வளவு ஊதிப் பெரிதாக்கினார் என்று ஆவணங்களோடு காட்டியது.

பாதிப்பு அவரோடு முடியவில்லை. பிரான்ஸில் ஆட்டிசத்துக்கு உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை பல ஆண்டுகள் கோலோச்சியது. அதன் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அந்நாட்டின் சுகாதார ஆணையம் 2012-ல்தான் தெளிவாகச் சொன்னது.

இன்னொரு மருந்து, அதே கதை

இதில் ஒரு முரணும் உண்டு. ஆதாரம் கேட்ட ரிம்லாண்டே பிற்காலத்தில் வைட்டமின் பி6, செக்ரிடின் போன்றவற்றுக்கு ஆதரவாக நின்றார். செக்ரிடின் ஊசி போட்டதும் ஒரு சிறுவன் தேறியதாக 1998-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று காட்ட, பெற்றோர் அந்த மருந்தைத் தேடி அலைந்தார்கள். 1999-ல் 60 குழந்தைகளை வைத்துச் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில். முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் பலர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள்.

குழந்தைகள் வளர வளர மாறுவது இயல்பு. அந்த மாற்றத்தை எந்தச் சிகிச்சையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அதனால்தான் ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத எந்த வெற்றிக் கணக்கையும் அறிவியல் ஏற்பதில்லை.

ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது, அதில் மரபணுவின் பங்கு பெரியது, அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பேச்சு, நடத்தைப் பயிற்சிகளும் பள்ளியின் ஆதரவும் உதவும். இன்றைய அறிவியல் சொல்வது இதுதான். ஆட்டிசம் குணமானது என்று அடுத்த செய்தி ஃபோனில் வரும்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: யாரோடு ஒப்பிட்டார்கள்? எண்ணியது யார்? பெட்டல்ஹெய்மிடம் இதை 1967-லேயே எல்லாரும் கேட்டிருந்தால், பல அம்மாக்கள் அந்தக் குற்ற உணர்வோடு வாழ்ந்திருக்க வேண்டியதில்லை.