கிட்டத்தட்ட 20 வருஷம் ஒரே அறை... டோனாவூர் அம்மா அமைதியைக் கண்டது எப்படி?

நைட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஒரகடம் வந்து இறங்குறீங்க. காலெல்லாம் வலி. வாடகை ரூம்ல நாலு பேர்; ஒருத்தர் தூங்கப் போகும்போதுதான் இன்னொருத்தர் குக்கர் வைப்பார். கான்ட்ராக்ட்டை நீட்டிப்பாங்களான்னும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, எல்லாம் சரியாகிடும்னு யாராவது வாட்ஸ்அப்ல பூ படத்தோட மெசேஜ் போட்டா எரிச்சல் வருமா, வராதா?

அந்த எரிச்சல் ஏமி கார்மைக்கேலுக்கும் வந்தது. நெல்லைப் பக்கம் இருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு 'டோனாவூர் அம்மா' என்றால் உடனே தெரியும். (டோனா என்பது ஒரு ஜெர்மன் பிரபுவின் பெயர். நம்ம ஊர்ப் பெயர்களுக்குள் எத்தனை கதை!)

1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர் ஏமி. பதின்ம வயதிலேயே அப்பா போய்விட்டார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. சீனாவுக்கு ஊழியத்துக்குப் போக ஆசைப்பட்டார்; உடம்பு தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். ஜப்பான் போனார், நோயோடு திரும்பினார். 1895-ல் இந்தியா வந்தவர், அதன்பிறகு ஒரு தடவைகூட சொந்த ஊருக்குப் போகவில்லை.

1901-ல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பிரீனா என்ற சிறுமி தப்பித்து அவரிடம் வந்து சேர்ந்தாள். அங்கிருந்துதான் டோனாவூர் இல்லம் வளர்ந்தது. தேவதாசி முறையை ஒழிக்க மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்தது 1947-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு, படிப்பு, காய்ச்சல், சண்டை என எல்லாவற்றுக்கும் ஒரே அம்மா.

1931-ல் களக்காட்டில் இருட்டும் நேரம் ஒரு குழிக்குள் தவறி விழுந்தார். கால் முறிந்தது, முதுகிலும் அடி. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழவில்லை. ஓடி ஓடி உழைத்த மனுஷி, மீதி வாழ்நாளை ஓர் அறையில்தான் கழித்தார்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கென்று வந்த ஆறுதல் எழுத்துகளைப் படித்தபோதுதான் அந்த எரிச்சல். எழுதியவர்கள் நல்லா இருக்கிறவர்கள்; வலியில் கிடப்பவருக்கு அது ஒட்டவே இல்லை. அதனால் தானே எழுதினார், வலி இருக்கும்போதே. 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' அப்படி வந்த புத்தகம். தூக்கமில்லாத ராத்திரிகளை மறைக்கவில்லை. அந்த வருஷங்களில் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார்.

அந்த அறைக்குச் சமாதான அறை என்று பெயர். பெயரைக் கேட்டு ரொம்ப அமைதியான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இல்லத்தின் பஞ்சாயத்தெல்லாம் அந்தக் கட்டிலைத் தேடித்தான் வந்தது. வலி போகணும் என்று ஜெபித்தார், போகவில்லை. இயேசுவும் வலியை அறிந்தவர், இந்த அறையில் தன்னோடு இருக்கிறார் என்று நம்பினார். நடந்ததை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மனசு அடங்கியது. அதையும் ஒரே நாளில் முடித்துவிடவில்லை, தினமும் புதுசாக ஏற்க வேண்டியிருந்தது. எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த நேர்மைதான்.

1948-ல் அந்த அறைக்குள்ளேயே இன்னொரு முறை விழுந்தார். 1951 ஜனவரி 18-ல் இறந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. அம்மா என்று மட்டும் இருக்கிறது.