ரயிலில் பாடிய புள்ளைக்கு லட்ச ரூபாய் எப்படி வந்தது? கே.பி.சுந்தராம்பாளின் கதை

துடியலூர் ஸ்டேஷனில் மேட்டுப்பாளையம் ரயிலுக்கு ஏறுகிறீர்கள். பெட்டிக்குள் ஒரு சின்னப் புள்ள பாடிக்கொண்டே கை நீட்டினால் என்ன செய்வோம்? சில்லறை தேடுவோம், இல்லை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். நூறு வருஷத்துக்கு முன்னால், இதே கொங்கு நாட்டில், ஈரோடு - திருச்சி பாதையில் அப்படிப் பாடிய ஒரு சிறுமியைத்தான் பிற்பாடு தமிழ்நாடே கே.பி.எஸ். என்று கூப்பிட்டது.

கே.பி.சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தார். பெயரில் 'கே' என்பது கொடுமுடி, 'பி' என்பது அம்மா பாலாம்பாள். அப்பாவின் எழுத்துக்கு அங்கே இடமே இல்லை. குடும்பத்தைத் தாங்கியதும் அந்த அம்மாதான். காவிரிக்கரை ஊர், மகுடேசுவரர் கோயில், பாட்டுக்குக் குறைவில்லை; சோற்றுக்குத்தான் குறைவு. அதனால்தான் அந்தக் குழந்தை ரயிலில் பாடப் போனது.

யார் கண்டுபிடித்தார்கள்?

இதில் இரண்டு கதை உண்டு. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே நாடகமும் நடித்துவந்த எஃப்.ஜி.நடேசய்யர், ஓடும் ரயிலில் இந்தக் குரலைக் கேட்டு அசந்துபோய் நாடகத்துக்கு அனுப்பினார் என்பது ஒன்று. கரூரில் ஒரு போலீஸ் அதிகாரிதான் கேட்டுவிட்டுச் சிபாரிசு செய்தார் என்பது இன்னொன்று. எது சரியாக இருந்தாலும், போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: வேலு நாயர் நாடகக் கம்பெனி. அப்போது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்காது என்கிறார்கள்.

இன்றைக்கு மேடை இசை நாடகத்துக்கு ஆள் எடுத்தால் மைக் இருக்கும், டிராக் இருக்கும், இரண்டு வாய்ப்பு கொடுப்பார்கள். அன்றைக்கு மைக்கே கிடையாது. ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையை அழுத்துவார், அந்தச் சுருதியில் நின்று பாட வேண்டும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்துத்தான் 'நாலு கட்டை', 'அஞ்சு கட்டை' என்று குரலை அளப்பார்கள். கட்டை ஏற ஏறக் குரல் உச்சத்துக்குப் போகும். கொட்டகையின் கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டின் சொல் தெளிவாக விழ வேண்டும். விழவில்லையென்றால் அவன் சும்மா இருக்க மாட்டான், விசில்தான். ஆட்டமெல்லாம் இரண்டாம்பட்சம். அதற்கு பபூன் வருவார். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் குரல்தான் மூலதனம்.

கொடுமுடிப் புள்ளைக்கு முதலில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் ஒரு குழந்தை வேஷம். பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணியால் விரட்டப்பட்டு, கடைசியில் கிணற்றைத் தேடிய நல்லதங்காள் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதில் பசியில் அழுது பாடும் பிள்ளையாக நின்றார். யாரும் சொல்லிக்கொடுத்து வரவேண்டிய பசி இல்லை அது. ஜனம் கலங்கியது, கம்பெனியில் இடம் உறுதியானது.

ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தேர்வு

கம்பெனியில் சேர்ந்துவிட்டால் தேர்வு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை இருந்தது. ஆளுக்கொரு ஊரிலிருந்து நடிகர்கள் வருவார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், நேராக மேடையேறி விடுவார்கள். 'வள்ளி திருமணம்' என்றால் தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டுவாள், நாரதர் வந்து வம்பிழுப்பார், வேடன் வேஷத்தில் முருகன் வருவார். ஒருவர் பாட்டில் கேள்வி கேட்டால் எதிராளி அங்கேயே பாட்டில் பதில் சொல்ல வேண்டும். எதிராளி சுருதியை ஏற்றினால் நாமும் ஏற வேண்டும். திணறினால் அத்தனை பேர் முன்னாலும் தெரிந்துவிடும். ஜெயித்தால் 'ஒன்ஸ்மோர்'. அப்புறம் அதையே மறுபடி, சில சமயம் மறுபடியும் மறுபடியும்.

இந்த ஆட்டத்தில் அன்று எல்லோரும் பயந்த பெயர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. 1926-ல் கொழும்பில் சுந்தராம்பாளின் நாடகங்கள் ஓகோவென்று நடந்துகொண்டிருந்தபோது அவரும் அங்கே வந்து சேர்ந்தார். சேர்ந்து மேடையேறாதே, அந்தக் குரலுக்கு முன்னால் நிற்க முடியாது என்று இரண்டு பக்கமும் ஆளுக்கு ஆள் பயமுறுத்தினார்களாம். இருவரும் ஏறினார்கள். தோற்றவர் யாரும் இல்லை. அதற்கப்புறம் அந்த ஜோடிக்குத்தான் டிக்கெட்.

மேடை ஜோடி 1927-ல் வாழ்க்கை ஜோடியும் ஆனது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சாதி வேறு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு, சமாதானம், மறுபடி பிரிவு என்று சில வருஷங்கள்தான். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றோடு வெள்ளைச் சேலை. பொட்டு இல்லை, பூ இல்லை. இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று ஒரு முடிவும் எடுத்தார். பக்தி, துக்கம் என்று மட்டும் இதைச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். தொழில் பார்வையில் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது புரியும். ஸ்திரீபார்ட்டுக்குப் பிழைப்பே ஜோடிப் பாட்டுதான். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 25 வயதுப் பெண் எதை நம்பி மறுபடி மேடையேறுவார்? தனிக் குரலை நம்பித்தான். தான் தனியாகத் தாங்கக்கூடிய வேஷங்களைத் தேடினார்.

லட்ச ரூபாய் எப்படி வந்தது?

பேசும் படம் வந்த புதிது. 'பக்த நந்தனார்' எடுக்க நினைத்த தயாரிப்பாளர் அசன்தாஸ் கொடுமுடி அம்மாவைத் தேடி வந்தார். நடிக்க இஷ்டமில்லை; ஆளை விரட்டுவதற்காகவே ஒரு லட்சம் கேட்டார் என்பார்கள். அசன்தாஸ் ஓடவில்லை, ஒப்புக்கொண்டார். ஒரு பவுன் இருபது, முப்பது ரூபாய்க்கு விற்ற காலம்! 1935-ல் படம் வந்தது. சுந்தராம்பாள் நந்தனாராக, ஆண் வேஷத்தில். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராக. இத்தனை செலவுக்குப் படம் ஓடவில்லை. கல்கியும் விமர்சனத்தில் ஒரு பிடி பிடித்தார். ஆனால் சம்பளத்தின் பேச்சு நிற்கவே இல்லை.

அதன்பின் அவர் ஒப்புக்கொண்ட வேஷங்களை வரிசையாகப் பாருங்கள். 1940-ல் மணிமேகலை, துறவி. 1953-ல் ஜெமினி வாசனின் 'ஔவையார்', கிழவி. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், சமணத் துறவி. 1965-ல் 'திருவிளையாடல்', மறுபடி ஔவை. எதற்கும் ஜோடி தேவையில்லை. 1933-ல் எடுத்த முடிவைச் சினிமாவுக்காக அவர் மாற்றிக்கொள்ளவில்லை, சினிமாதான் அவருக்கேற்ற வேஷத்தைத் தேடிக்கொண்டு வந்தது. 'பூம்புகார்' பாட்டு ஒன்றில் தெய்வத்தைக் கேள்வி கேட்பதுபோல ஒரு இடம் வந்ததும், மாற்றினால்தான் பாடுவேன் என்று நின்று, மாற்றவும் வைத்தார் என்கிறார்கள். ஒரு காலத்தில் ஆர்மோனியத்துக்கு முன்னால் தேர்வுக்கு நின்ற குழந்தை, இப்போது பாட்டையே தேர்வுக்கு நிறுத்தியது!

இடையில் காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். மைக் வந்த பிறகும் அது அவருக்குப் பெரிதாகத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. 1951-ல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

'துணைவன்' படத்தில் பாடியபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சின்னக் குரல்கள் எத்தனையோ வந்தாயிற்று. 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அந்த வயதில் அவருக்கு வந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமாகும்வரை, உடுத்தியது அதே வெள்ளைச் சேலைதான்.