தோட்ட மக்களும் நேதாஜியும்



நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் என்றதும் ராணுவத் தொப்பியும் வட்டக் கண்ணாடியும் நிமிர்ந்த தோற்றமும் நம் மனக்கண்ணில் வந்து நிற்கின்றன. ஏதோ வட இந்தியத் தலைவர், நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் நினைக்கலாம். ஆனால் 1945 ஆகஸ்டு மாதம் ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியபோது அவர் இருந்த இடம் எது தெரியுமா? நம்ம சிரம்பான்தான்! இங்கிருந்த ஐ.என்.ஏ. பயிற்சி முகாம் விஷயமாக வந்திருந்தார். செய்தி கேட்டு காரில் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். அடுத்த சில நாட்களில் அவர் வாழ்க்கையே முடிந்துபோனது.

கல்கத்தாவின் மேயராக இருந்த மனிதர், இங்கே பால்மரம் வெட்டிய நம் ஜனங்களோடு எப்படிச் சேர்ந்தார்? அந்தச் சேர்க்கையால் நம் தோட்டங்களில் எது மாறியது? அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் துறவும்

1897ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஒரிசாவின் கட்டாக் நகரில் சுபாஷ் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் பெயர் பெற்ற வக்கீல். தாய் பிரபாவதி. பதினான்கு பிள்ளைகளில் சுபாஷ் ஒன்பதாவது. படிப்பில் படுசுட்டி. இங்கிலாந்து சென்று 1920இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாகத் தேறினார். கலெக்டர் உத்தியோகம் கையில். ஆனால் அந்நியனுக்குச் சேவகம் செய்ய மனம் ஒப்பவில்லை. 1921இல் அதை உதறிவிட்டு விடுதலைப் போரில் குதித்தார்.

அதன்பின் சிறையும் வெளியுமாகவே காலம் ஓடியது. பர்மாவின் மாந்தலே சிறையில் உடல் நலிந்தது. 1930இல் கல்கத்தா மேயர் ஆனார். 1938இலும் 1939இலும் காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காந்தியடிகளோடு வழிமுறையில் கருத்து வேற்றுமை முற்றியதால் பதவி விலகினார். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, காபூல் வழியாக ஜெர்மனி சேர்ந்தார். 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் மாதக்கணக்கில் கடலுக்கடியில் பயணம் செய்து ஆசியாவுக்குத் திரும்பினார். அவர் வந்து இறங்கிய நேரத்தில் நம் மக்களின் நிலை என்ன?

கித்தாவுக்கு வந்த யுத்தம்

யுத்தம் என்றால் குண்டு விழும் இடத்தில் மட்டும் நடப்பதல்ல. அடுப்பங்கரைக்கும் வரும், லயத்துக்கும் வரும். அப்போது உலகத்திலேயே அதிகமாக ரப்பர் விளைந்த நாடு மலாயா. லாரி டயருக்கும் விமானத்துக்கும் ரப்பர் வேண்டும். ஆகவே 1939இல் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதும் நம் கித்தாவுக்குக் கிராக்கி ஏறியது. விலை ஏறியது, அரிசி விலையும் ஏறியது. கூலி மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் ஆர்.எச்.நாதன். அவர்கள் கேட்டதைப் பாருங்கள்: சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ராணுவம் வந்து சுட்டது. ஐந்து பேர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஜப்பான் காலம்

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. யாரைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கினோமோ, அந்தத் தொரைமார்கள் ஒரே ராத்திரியில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினதை நம் ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

ஆனால் விடிவு வரவில்லை. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் ரப்பர் போக வழியில்லை. ஜப்பானுக்கு அவ்வளவு ரப்பர் தேவையில்லை. பால்மரங்கள் வெட்டுவாரின்றி நின்றன. மலாயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. அதுவும் குறைந்துபோனது. வெட்டுக்காட்டில் மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். காலையில் கிழங்கு, ராத்திரியில் கிழங்கு. துணி கிடைக்காமல் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது.

இதைவிடக் கொடுமை சயாம் மரண ரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பானியர் ஆள் பிடித்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டதாகக் கணக்கு. பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மலேரியாவும் காலராவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. மலாயா, பர்மா முதலிய நாடுகளிலிருந்து போன ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ஆண்கள் இல்லாத லயங்களில் தாய்மார்களே மண்வெட்டி பிடித்துக் குடும்பத்தைக் காத்தார்கள்.

பெரட்டுக் களத்தில் புதிய பெரட்டு

இந்த நிலையில்தான் 1943 ஜூலை 2ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூர் வந்தார். இரண்டே நாளில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 9ஆம் தேதி மாபெரும் கூட்டத்தில் முழு ஆள்திரட்டு என்று அறிவித்தார். மூன்று லட்சம் வீரர்கள், மூன்று கோடி வெள்ளி, பெண்களுக்கென்று ஒரு படை, இவ்வளவும் கேட்டார்! அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நிறுவினார். மறுநாளே ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. கோலாலம்பூரில் நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த ஜானகி தேவர், பிறகு அதன் துணைத் தலைவி ஆனார்.

அவர் இந்துஸ்தானியில் பேசுவார். மேடையிலேயே தமிழில் மொழிபெயர்ப்பார்கள். கைவளையலையும், சிலர் தாலித் தங்கத்தையும்கூடக் கொடுத்தார்கள். அவருக்குப் போட்ட மாலைகளே ஏலத்துக்கு வந்தன. சிறுவர்களுக்குப் பாலசேனை அமைந்தது. தோட்டங்களில் சங்கக் கிளைகள் எழுந்தன, இளைஞர்கள் அணிவகுக்கப் பழகினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று கிராணி பேர் கூப்பிட, தலை குனிந்து நிரை வாங்கிக்கொண்டு போவது நம்மவர் பழக்கம். பெரட்டு என்பது பரேட் என்ற ராணுவச் சொல்லிலிருந்து வந்ததுதான். இப்போது அதே ஜனங்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். கூலி என்று கூப்பிடப்பட்டவன் சிப்பாய் என்று கூப்பிடப்பட்டான். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தோட்டத்துப் பெண் கால்சட்டை போட்டுத் துப்பாக்கி பிடித்தாள். எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். கோயில் திருவிழாவில்கூடத் தள்ளி நின்ற ஜனங்களுக்கு இது சாமானிய விஷயமா?

கணக்கின் மறுபக்கம்

உண்மையை மறைக்கக் கூடாது. படையில் சேர்ந்தவர் எல்லாரும் தேசபக்தியால் மட்டும் சேரவில்லை. சயாமுக்குப் பிடித்துப் போவார்களே என்ற பயத்தில் சேர்ந்தவர் உண்டு. சோற்றுக்காகச் சேர்ந்தவரும் உண்டு. வசதி படைத்தவர்களிடம் சொத்தில் இவ்வளவு என்று விதித்து வசூலித்தபோது மனமின்றிக் கொடுத்தவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மக்களைத் தண்டவாளத்தில் சாகடித்த ஜப்பானின் துணையோடுதான் நேதாஜி போர் நடத்தினார். அவருடைய அரசால் அந்த ஆள்பிடிப்பைத் தடுக்க முடியவில்லை. தகப்பனைச் சயாமில் பறிகொடுத்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

போரும் வெற்றி பெறவில்லை. 1944இல் இம்பாலை நோக்கிப் போன படை மழையிலும் பசியிலும் நொய்யலாகித் திரும்பியது. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது நேதாஜி ஜான்சிராணிப் படைப் பெண்களை அனாதையாக விட்டுவிட்டுப் போகவில்லை. பாதங்கள் கொப்பளிக்க அவர்களோடு சேர்ந்தே நடந்தார்.

பிறகு சிரம்பான். சிங்கப்பூரிலிருந்து ஆகஸ்டு 16ஆம் தேதி விமானம் ஏறினார். 18ஆம் தேதி தைவானில் விமானம் நொறுங்கித் தீக்காயத்தால் காலமானார். வயது 48. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு இதுதான். ஆனால் நம்ப மறுத்தவர்கள் ஏராளம். இந்திய அரசே மூன்று முறை விசாரணை நடத்தியது.

விதைத்தது முளைத்தது

தலைவர் போனார், துப்பாக்கிகள் போயின. வெள்ளைக்காரத் தொரைமார் திரும்பி வந்தார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன ஜனங்கள் அங்கே இல்லை! 1946, 1947இல் கெடாவில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. அந்த இளைஞர்கள் ஐ.என்.ஏ. முறையிலேயே அணிவகுத்தார்கள். 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜான் திவி நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். நம் நெகிரி செம்பிலானிலும் இந்தியத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அதன் செயலாளராக இருந்த பி.பி.நாராயணன், 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளர் ஆனார். சைக்கிளை விட்டு இறங்கிய ஜனங்கள், மேசையின் எதிர்ப்புறம் உட்கார்ந்து சம்பளம் பேசினார்கள்.

நேதாஜி நம் தோட்டங்களுக்குச் செய்த பெரிய காரியம் இதுதான். அவர் கேட்டது இந்தியாவின் விடுதலைக்காக. நம் மக்கள் கொடுத்ததும் அதற்காகத்தான். ஆனால் கொடுத்தபோது, தாங்களும் கேட்கத் தகுந்தவர்கள், கொடுக்கத் தகுந்தவர்கள் என்று முதன்முறையாக உணர்ந்தார்கள். அந்த உணர்வு மட்டும் தோற்றுப்போகவில்லை.

மாணவச் செல்வங்களே! அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக் களங்களும் மறைந்து வருகின்றன. உங்கள் வீட்டில் முதியவர்கள் இருந்தால், ஜப்பான் காலத்தைப் பற்றித் தங்கள் பெற்றோர் சொன்னதை ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். சயாமுக்குப் போனவர் பெயரும் வேண்டும், படைக்குப் போனவர் பெயரும் வேண்டும். நாளைக் காலை வகுப்பில் ஆசிரியர் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது, உங்கள் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் தலை குனிந்து பதில் சொன்ன காலம் ஒன்று இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்று, உள்ளேன் ஐயா என்று உரக்கச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!