கண்ணுக்குப் புலப்படாத ஒளி

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1819ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் ஸ்கிரீன் எனும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு கிறித்துவச் சமயகுரு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற ஸ்டோக்ஸ், 1841இல் முதல் மாணவராகத் தேறினார். 1849இல் அங்கேயே பேராசிரியரானார். அது முன்பு ஐசக் நியூட்டன் வகித்த பதவி. பெருமை பெரிது, ஊதியமோ சிறிது. ஆகவே, அவர் லண்டன் சென்றும் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

மலேரியாக் காய்ச்சலுக்குத் தரப்படும் குவினைன் மருந்தின் கரைசல் நீர்போல் நிறமற்றது. வெயிலில் வைத்தால் மட்டும் அதன் மேற்பரப்பில் மெல்லிய நீலம் தோன்றும். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது?

ஸ்டோக்ஸ் ஓர் அறையை இருட்டாக்கினார். சிறு பிளவின் வழியே வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தால் ஏழு நிறங்களாகப் பிரித்தார். குவினைன் கரைசல் நிரம்பிய சோதனைக் குழாயை ஒவ்வொரு நிறமாக நகர்த்தினார். சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றில் எந்த மாற்றமும் இல்லை. ஊதாவின் ஓரத்தை அடைந்ததும் கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. ஊதாவையும் கடந்து, வெறும் இருளாகத் தெரிந்த இடத்தில் வைத்தபோதும் அது ஒளிர்ந்தது! கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரைக் கரைசல் உள்வாங்கி, நீல ஒளியாக வெளியிட்டது.

இங்குதான் சிக்கல் எழுந்தது. முப்பட்டகம் பிரித்த கதிரின் நிறம் அதன்பின் மாறாது என்பது நியூட்டன் நிறுவிய கொள்கை. அவருடைய இருக்கையில் அமர்ந்தவரே அதற்கு விலக்கு உண்டு எனக் கூறுவதா? ஸ்டோக்ஸ் தயங்கினார், வேறு விளக்கங்களையும் ஆராய்ந்தார். இலைச்சாறு, மரப்பட்டைச் சாறு, கண்ணாடி எனப் பலவற்றைச் சோதித்த பிறகே 1852இல் முடிவை வெளியிட்டார். புளோர்ஸ்பார் எனும் கனிமமும் இவ்வாறு ஒளிர்வதால், இந்நிகழ்வுக்குப் ‘புளோரசன்ஸ்’ எனப் பெயரிட்டார்.

மங்கிய ஒளிர்வையும் காண அவர் ஓர் எளிய வழி கண்டார். பொருளின்மீது நீலக் கண்ணாடி வழியே ஒளியைப் பாய்ச்சி, மஞ்சள் கண்ணாடி வழியே நோக்கினார். பாய்ச்சிய ஒளி மறைந்து, பொருள் உமிழ்ந்த ஒளி மட்டும் தெரிந்தது.

ஸ்டோக்ஸ் 1903இல் மறைந்தார். இன்று அறிவியலாளர் கிராபீன் எனும் மிக மெல்லிய கரிமத் தாளின் நுண்துணுக்குகளை உயிருள்ள அணுக்களுக்குள் செலுத்தி, அவற்றை ஒளிரச் செய்கின்றனர். ஸ்டோக்ஸின் இரு கண்ணாடிகள் செய்த வேலையை, நுண்ணோக்கியினுள் இரண்டு ஒளிவடிகட்டிகள் செய்துகொண்டிருக்கின்றன.