மண்ணைப் படித்த தலைவர் அமில்கார் கப்ரால்

மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரையில் கினி-பிசாவ் என்னும் சிறிய நாடு உள்ளது. அதற்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் கேப் வேர்ட் தீவுகள் உள்ளன. 1961 வரை நம் கோவாவை ஆண்ட அதே போர்ச்சுகல்தான் இவ்விரண்டையும் பல நூற்றாண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தது. இவற்றின் விடுதலைக்கு வித்திட்டவர் அமில்கார் கப்ரால்.

அவர் 1924ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் கினியிலுள்ள பபாட்டா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பெற்றோர் கேப் வேர்டைச் சேர்ந்தவர்கள். ஆதலால் அத்தீவுகளிலேயே அவர் பள்ளிக் கல்வி பயின்றார். தாய் துணி தைத்தும், மீன் பதனிடும் ஆலையில் உழைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். 1940களில் அங்கு மழை பொய்த்தது. பல்லாயிரம் பேர் பசியால் மாண்டனர். வறட்சி இயற்கையால் வந்ததுதான்; ஆயினும் ஆட்சியாளர் போதிய உதவி செய்யாமையால்தான் சாவுகள் பெருகின. இளைஞரான கப்ரால் அக்கொடுமையைக் கண்ணெதிரே கண்டார். உதவித்தொகை பெற்று 1945இல் லிஸ்பன் நகருக்குச் சென்றபோது, வேளாண்மையையே தம் பாடமாகத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் அங்கோலாவின் முதல் குடியரசுத் தலைவரான அகஸ்டின்யோ நெட்டோ அங்கே அவருக்கு நண்பரானார்.

1952இல் கப்ரால் வேளாண் பொறியாளராகக் கினிக்குத் திரும்பினார். நாடு முழுவதும் வேளாண் கணக்கெடுப்பு நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஊர் ஊராகச் சென்றார். எந்த மண்ணில் எது விளைகிறது, எவ்வளவு நிலத்தில் நெல், எவ்வளவு நிலத்தில் வேர்க்கடலை என்று குறித்துக்கொண்டார். கடலோரத்தில் வாழ்ந்த பலாண்ட்டா மக்கள், அலையாத்திக் காடுகள் நிறைந்த சதுப்பு நிலத்தில் கரை எழுப்பி உப்புநீரைத் தடுத்தனர்; மழைநீரால் மண்ணின் உப்பைக் கழுவி நெல் விளைவித்தனர். அவர்களுடைய திறமையைக் கப்ரால் பெரிதும் மதித்தார். உள்நாட்டிலோ நிலைமை வேறாக இருந்தது. வரியைப் பணமாகச் செலுத்த வேண்டியிருந்ததால் உழவர்கள் ஏற்றுமதிக்காக வேர்க்கடலை பயிரிட்டனர். அதன் விலையை வணிக நிறுவனங்களே முடிவு செய்தன. ஆண்டுதோறும் அதையே பயிரிட்டதால் மண்ணும் வளம் இழந்தது. ஆட்சியாளர்கள் ஊதியம் கொடுத்துச் செய்வித்த இப்பணியே, அவர்களுக்கு எதிரான போராட்டத்திற்குப் பின்னாளில் துணையாயிற்று என்பது வியப்புக்குரியது. எந்த ஊரில் யார் வாழ்கின்றனர், அவர்களின் குறை என்ன என்பதைக் கப்ராலைப் போல் அறிந்தவர் சிலரே.

1956இல் தோழர்களுடன் சேர்ந்து விடுதலைக் கட்சியை அவர் தொடங்கினார். முதலில் அமைதி வழியிலேயே அக்கட்சி இயங்கியது. 1959 ஆகஸ்ட் 3ஆம் நாள் பிசாவ் துறைமுகத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். காவலர்கள் சுட்டதில் ஏறத்தாழ ஐம்பது பேர் உயிரிழந்தனர். அதன்பின் கப்ரால் நகரத்தை விட்டுக் கிராமங்களை நாடினார். அண்டை நாடான கினியின் தலைநகர் கொனாக்ரி அவருக்குத் தளமாயிற்று. 1963இல் ஆயுதப் போராட்டம் தொடங்கியது.

மீட்கப்பட்ட பகுதிகளில் போர் மட்டும் நடைபெறவில்லை. விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்த காட்டுக்குள் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் தோன்றின. நெல்லைக் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்ளும் மக்கள் கடைகள் திறக்கப்பட்டன. ஊர்க்குழு ஒவ்வொன்றிலும் ஐவர் இருந்தனர். அவர்களுள் குறைந்தது இருவர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. கட்சியினர் தங்கள் தோல்விகளை மக்களிடம் மறைக்கக் கூடாது என்று கப்ரால் கண்டிப்புடன் கூறினார். தம் பகை அடிமை ஆட்சியோடுதானே தவிர, போர்ச்சுகல் மக்களோடு அன்று என்பதையும் இடைவிடாது வலியுறுத்தினார்.

1973 ஜனவரி 20ஆம் நாள் இரவு, கொனாக்ரியில் தம் வீட்டருகே கப்ரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் அவருடைய கட்சியைச் சேர்ந்தவர்களே. அப்போது அவருக்கு வயது 48. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள், போயே என்னும் காட்டுப் பகுதியில் கூடிய மக்கள் பேரவை கினி-பிசாவின் விடுதலையை அறிவித்தது. மறு ஆண்டு போர்ச்சுகல் அதனை ஏற்றுக்கொண்டது. 1975 ஜூலை 5ஆம் நாள் கேப் வேர்டும் விடுதலை பெற்றது.